36 பிள்ளைகளும் 2 குழாய்களும்

வாசகர் கேள்வி:

தொடக்கப் பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்பு ஆசிரியையாக இருக்கிறேன். வகுப்பில் 36 பிள்ளைகள். வயிற்றுப்போக்கு, வாந்தி, சளி, காய்ச்சல் என்று எந்த வாரம் பார்த்தாலும் நாலைந்து பேர் வருவதில்லை. கை கழுவச் சொல்லாத நாளே இல்லை. சுவரில் படம் ஒட்டினேன், பாட்டு சொல்லிக் கொடுத்தேன், ஓவியப் போட்டிகூட நடத்தினேன். முதல் பரிசு வாங்கிய பையன் பரிசோடு நேராகப் போய், கை கழுவாமலே சாப்பிட உட்கார்ந்தான். எங்கள் பக்கம் இருப்பது 2 குழாய்கள். சோப்பு வைத்தால் இரண்டே நாளில் காணாமல் போகிறது. இன்னும் என்ன சொன்னால் இவர்கள் கேட்பார்கள்? சானிடைசர் வாங்கி வைத்தால் போதுமா? ‘ரொம்பச் சுத்தம் பார்த்தால் எதிர்ப்பு சக்தி போய்விடும்’ என்று ஒரு தந்தை சொல்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

குழந்தைகள் நல மருத்துவரின் பதில்:

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

அந்தப் பரிசு வாங்கிய பையனைப் பற்றிய வரியில்தான் என் கண் நின்றது. கையில் என்ன ஒட்டுகிறது, அதை எப்படிக் கழுவ வேண்டும் என்று அவனுக்கு வரையவே தெரியும். தெரிந்தும் கழுவவில்லை. அதனால் இன்னும் என்ன சொல்லலாம் என்ற யோசனையைக் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள். சொல்ல வேண்டியதையெல்லாம் நீங்கள் சொல்லியாயிற்று. இனி வேலை வகுப்பறையில் இல்லை, குழாயடியில் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கையை நனைத்து, சோப்பு போட்டு 20 விநாடி தேய்த்து, அலசி, அடுத்தவருக்கு இடம் விட ஒரு பிள்ளைக்குக் குறைந்தது 30 விநாடி ஆகும். 36 பேருக்கு 1,080 விநாடி, அதாவது 18 நிமிடம். 2 குழாய் என்பதால் 9 நிமிடம். இதுவும் வேறு எந்த வகுப்பும் அந்த நேரத்தில் வராமல், யாரும் யாரையும் தள்ளாமல் இருந்தால்தான். பசியோடு மணிச் சத்தத்துக்குக் காத்திருந்த எட்டு வயதுப் பிள்ளை, தோழர்கள் சாப்பிட்டுவிட்டு விளையாடப் போவதைப் பார்த்துக்கொண்டே 9 நிமிடம் வரிசையில் நிற்குமா? நானே நிற்க மாட்டேன். உங்கள் பிள்ளைகளிடம் அடம் எதுவும் இல்லை. நீங்கள் சொல்வதைச் செய்ய அவர்களுக்கு நேரமும் இடமும் அமையவில்லை, அவ்வளவுதான்.

மருத்துவ வரலாற்றில் இதற்கு நேர் எதிரான ஒரு கதை உண்டு. 1847இல் வியன்னா பொது மருத்துவமனையின் பிரசவ வார்டில் தாய்மார்கள் காய்ச்சலால் இறந்துகொண்டே இருந்தார்கள். அங்கே பணியாற்றிய இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர், பிணப் பரிசோதனை அறையிலிருந்து வரும் மருத்துவர்களும் மாணவர்களும் வார்டுக்குள் நுழையுமுன் குளோரின் கலந்த தண்ணீரில் கை கழுவியே ஆக வேண்டும் என்று விதித்தார். அந்தத் தண்ணீர்த் தொட்டியை வார்டு வாசலிலேயே வைத்தார். ஏப்ரலில் ஏறத்தாழ 18 சதவீதமாக இருந்த இறப்பு, சில மாதங்களில் 2 சதவீத அளவுக்கு இறங்கியது. கிருமிதான் நோய்க்குக் காரணம் என்பது அப்போது இன்னும் நிறுவப்படவில்லை. அது தெரியாதவர்களும் கழுவினார்கள், ஏனென்றால் தொட்டி வழியிலேயே இருந்தது, தாண்டிப் போக அனுமதி இல்லை. உங்கள் பிள்ளைகளுக்குக் கிருமியைப் பற்றி எல்லாம் தெரியும். வாசலில் தொட்டிதான் இல்லை.

முதலில் குழாயின் உயரத்தைப் பாருங்கள். இதை நான் சொல்லக் காரணம் ஒரு சிறுமி. சில வருடங்களுக்கு முன் உடல் பரிசோதனைக்காக ஒரு பள்ளிக்குப் போயிருந்தேன். இடைவேளையில் குழாயடிப் பக்கம் சும்மா நின்றிருந்தேன். முதல் வகுப்புப் பிள்ளை ஒன்று வந்தது. குழாய் அதன் தலைக்கு மேலே. நுனிக்காலில் எக்கி, பிடியை இரண்டு கையாலும் முறுக்கித் திறந்தாள். உள்ளங்கையில் விழுந்த தண்ணீர் மணிக்கட்டு வழியாக இறங்கி முழங்கைக்கு வந்து, சட்டைக் கைக்குள் புகுந்து அக்குள் வரை போய்விட்டது. சட்டென்று மூடிவிட்டு, கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். “சட்டை ஈரமானா டீச்சர் திட்டுவாங்க” என்றாள். அடுத்த இடைவேளையில் அவள் குழாய்ப் பக்கமே திரும்பவில்லை. அன்று மாலையே தலைமையாசிரியரிடம் சொல்லி, ஒரு மரப்பலகையைப் படி போலக் கீழே போட வைத்தோம். மறுமுறை நான் போனபோது அந்தப் பலகை நனைந்து கறுத்துப் போயிருந்தது. பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. வகுப்பிலேயே மிகக் குள்ளமான பிள்ளையை அழைத்துப் போய்க் கழுவச் சொல்லி, நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள். பிடி இறுக்கமா, தரை வழுக்குகிறதா, சோப்பு எட்டுகிறதா என்பதெல்லாம் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அடுத்தது அந்த 9 நிமிடம். சோப்புக் கையைத் தேய்க்கும் 20 விநாடிக்குக் குழாய் தேவையே இல்லை. நனைக்கவும் அலசவும் மட்டும்தான் தண்ணீர் வேண்டும். ஆகவே 2 குழாய்களையும் பிரித்துவிடுங்கள். முதல் குழாயில் கை நனைக்க வேண்டியது. அதை ஒட்டி நிற்கும் பிள்ளை கையில் சோப்பு ஊற்றும். தேய்த்துக்கொண்டே வரிசை நகரும். இரண்டாவது குழாயில் அலசிவிட்டு வெளியே போக வேண்டியது. அலச ஒருவருக்கு 8 விநாடி என்று வைத்தாலும் 36 பேருக்கு 288 விநாடி, 5 நிமிடத்துக்குள் வகுப்பே முடிந்துவிடும். மணி அடிக்க 5 நிமிடம் இருக்கும்போதே அவர்களை அழைத்துக்கொண்டு போய்விடுங்கள். மணி அடித்த பிறகு என்றால் அது பிள்ளைகளின் நேரம், அதற்குமுன் என்றால் பாட நேரம். இந்த ஒரு வித்தியாசம் எல்லாவற்றையும் மாற்றிவிடும். மற்ற வகுப்புகளும் ஐந்தைந்து நிமிடம் முன்னும் பின்னுமாக வர, தலைமையாசிரியரிடம் பேசுங்கள். பிலிப்பைன்ஸ் நாட்டின் பள்ளிகளில் தினமும் குறித்த நேரத்தில் வகுப்பே சேர்ந்து கை கழுவுவதை ஒரு திட்டமாகவே நடத்துகிறார்கள். நீளமான குழாயில் வரிசையாகத் துளை போட்டால், ஒரு வால்வைத் திறந்ததும் பத்துப் பேர் ஒன்றாகக் கழுவலாம். பழுது பார்க்கும் வேலை எப்போதாவது வந்தால் இதைக் கேட்டு வையுங்கள்.

சோப்பு காணாமல் போவதைப் பற்றி மனம் வருந்தாதீர்கள். எந்தப் பள்ளியிலும் நடப்பதுதான், கட்டிச் சோப்பைத் தனியே விட்டால் அது நடந்துபோய்விடும். 1.5 லிட்டர் தண்ணீரில் 30 கிராம் சோப்புத்தூளைக் கரைத்து, மூடியில் சின்னத் துளை போட்ட பாட்டிலில் ஊற்றிக்கொண்டால் பல நாட்களுக்கு வரும். சோப்புத் தண்ணீரை யாரும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போக முடியாது. கழிப்பறைப் பக்கம் ஒரு பாட்டில் எப்போதும் இருக்கட்டும். இன்னொன்று வகுப்பறையில் இருக்கட்டும், அது வகுப்போடு போய் வகுப்போடு திரும்பட்டும். பாட்டிலின் வெளியே என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டிவிடுங்கள், யாராவது குடிக்கும் தண்ணீர் என்று நினைத்துவிடக் கூடாது. கட்டிச் சோப்புதான் வேண்டுமென்றால் வலைப்பையில் போட்டுக் குழாயில் கட்டித் தொங்கவிடலாம்.

விலை கூடிய கிருமிநாசினிச் சோப்புக்குச் செலவழிக்க வேண்டாம். கராச்சியின் குடியிருப்புகளில் நடந்த பெரிய ஆய்வு ஒன்று 2005இல் வெளியானது. சோப்பு கொடுத்துக் கை கழுவ ஊக்கப்படுத்திய வீடுகளில் 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு நிமோனியா 50 சதவீதம் குறைந்தது. வயிற்றுப்போக்கும் ஏறக்குறைய அதே அளவு குறைந்தது. சாதாரணச் சோப்புக்கும் கிருமிநாசினிச் சோப்புக்கும் இடையே வேறுபாடு தெரியவில்லை. 2016இல் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம், டிரைக்ளோசான் உட்பட 19 வேதிப்பொருட்களை வீட்டு உபயோகக் கைகழுவும் சோப்புகளில் சேர்க்கக் கூடாது என்றது. சாதாரணச் சோப்பைவிட அவை மேல் என்று தயாரிப்பாளர்களால் நிரூபிக்க முடியவில்லை.

கழிப்பறையிலிருந்து திரும்பும்போது நீங்கள் கூடப் போக முடியாதே என்பீர்கள். வங்கதேசத்தில் இரண்டு கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு காரியம் செய்தார்கள். கழிப்பறை வாசலிலிருந்து கை கழுவும் இடம் வரை பாதை போட்டு, பளிச்சென்ற வண்ணம் தீட்டி, அதில் காலடித் தடங்களை வரைந்தார்கள். கழுவும் இடத்தில் கைத்தடம். பாடம், பாட்டு, அறிவுரை எதுவும் கிடையாது. கழிப்பறைக்குப் போய்விட்டு சோப்பால் கழுவிய பிள்ளைகள் அதற்கு முன்பு 4 சதவீதம். வரைந்து முடித்த மறுநாள் 68 சதவீதம். 6 வாரம் கழித்து எண்ணியபோது 74 சதவீதம். ஒரு டப்பா பெயின்ட்! உங்கள் அடுத்த ஓவியப் போட்டியைத் தரையிலேயே நடத்துங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் காலைத் தாளில் வைத்து வரைந்து வெட்டி, அந்த அச்சால் தடம் பதிக்கட்டும். தன் காலடி என்று தெரிந்தால் அதன் மேல் நடக்காமல் போக எந்தக் குழந்தைக்கும் மனம் வராது.

எப்போதெல்லாம் கழுவ வேண்டும் என்று நீளமான பட்டியல் வேண்டாம். கழிப்பறைக்குப் பின், சாப்பாட்டுக்கு முன். முதல் மூன்று மாதத்துக்கு இந்த இரண்டும் போதும். இது கைப்பழக்கமான பிறகு மூக்குச் சிந்தியதும், தும்மியதும் கழுவுவதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

செய்துகாட்டும் பாடம் ஒன்று நடத்த ஆசைப்படுவீர்கள். தட்டில் தண்ணீர் ஊற்றி மிளகுத்தூளைத் தூவி, சோப்பு தொட்ட விரலை வைத்ததும் தூள் விலகி ஓடுமே, அதை மட்டும் தயவுசெய்து காட்டாதீர்கள். அது தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசையைப் பற்றிய சோதனை. கிருமி சோப்பைக் கண்டு பயந்து ஓடும் என்று பிள்ளைகள் நம்பிவிடுவார்கள், பிறகு எதற்குத் தேய்க்க வேண்டும்? அதற்குப் பதிலாக, ஒரு சொட்டு எண்ணெயில் மினுமினுப்புத் தூளைக் குழைத்து ஒரு பிள்ளையின் கையில் பூசி, வரிசையாகக் கைகுலுக்கச் சொல்லுங்கள். ஆறாவது கை வரை மினுங்கும். பிறகு அவர்களை வெறும் தண்ணீரில் கழுவச் சொல்லுங்கள், போகாது. சோப்பு போட்டுத் தேய்த்தால்தான் போகும். சோப்பு மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும், இரண்டுமாகச் சேர்ந்து அழுக்கைப் பெயர்த்துக்கொண்டு போகும். இன்ஃபுளுவென்சா, கொரோனா போன்ற வைரஸ்களுக்குக் கொழுப்பாலான மேலுறை உண்டு, அதையும் சோப்பு உடைத்துவிடும். நன்றாகக் கழுவியாயிற்று என்று பிள்ளைகள் சொன்ன பிறகு கட்டைவிரல், விரல் நுனி, விரல் இடுக்கு, நகத்தடி ஆகிய இடங்களைப் பார்க்கச் சொல்லுங்கள். தூள் அங்கேதான் மிச்சமிருக்கும். இந்தப் பாடத்தை ஒரு முறை நடத்தினால் போதும்.

தண்ணீர் சூடாக இருக்க வேண்டியதில்லை. காய வைப்பது முக்கியம், ஈரக் கையில் கிருமி சுலபமாக ஒட்டும். வகுப்புக்கெல்லாம் ஒரே துண்டு மட்டும் வேண்டாம். அவரவர் கைக்குட்டை, இல்லையென்றால் உதறிக் காற்றில் காய விடட்டும்.

சானிடைசரைப் பற்றிக் கேட்டீர்கள். குழாயே இல்லாத இடத்தில், வெளியே அழைத்துப் போகும் நாளில் அது கைகொடுக்கும். குறைந்தது 60 சதவீதம் ஆல்கஹால் இருக்க வேண்டும், காயும் வரை தேய்க்க வேண்டும். ஆனால் உங்கள் வகுப்பில் வருவது வயிற்றுப்போக்கும் வாந்தியும். பள்ளிகளில் வேகமாகப் பரவும் நோரோ வைரஸுக்குக் கொழுப்பு மேலுறை கிடையாது, சானிடைசர் அதனிடம் சரியாகப் பலிக்காது. குடற்புழு முட்டைகளும் அதற்கு மசியாது. அவற்றைத் தேய்த்துக் கழுவி வெளியேற்றுவதுதான் வழி. மண்ணும் எண்ணெயும் படிந்த கையில் சானிடைசர் மேலாகத் தடவியதோடு நின்றுவிடும். இன்னொன்று, சின்னப் பிள்ளைகள் அதை வாயில் வைத்துவிடுவார்கள். சில மிடறு உள்ளே போனாலே ஆபத்து. வாங்கினால் உங்கள் மேசைக்குள் பூட்டி வைத்து, நீங்களே கையில் ஊற்றுங்கள்.

அந்தத் தந்தையிடம் கோபப்படாதீர்கள். அவர் சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. பலவகை நுண்ணுயிர்களோடு பழகித்தான் குழந்தையின் எதிர்ப்பு சக்தி வளர்கிறது. மண்ணில் புரளட்டும், மரம் ஏறட்டும், நாய்க்குட்டியைக் கொஞ்சட்டும். ஆனால் இன்னொரு பிள்ளையின் மலத்தில் இருந்து வரும் கிருமி நன்மையைவிட நோயைத்தான் தரும். நோரோ வைரஸில் நூறுக்கும் குறைவான துகள்கள் வாய்க்குள் போனாலே நோய் வந்துவிடும். சிட்னியில் மருத்துவ மாணவர்களை வீடியோ எடுத்து எண்ணிப் பார்த்தார்கள். ஒரு மணி நேரத்தில் சராசரியாக 23 முறை முகத்தைத் தொட்டார்கள், அதில் பாதிக்குச் சற்றுக் குறைவானது கண், மூக்கு, வாய். மருத்துவம் படிப்பவர்கள்! உங்கள் எட்டு வயதுப் பிள்ளைகள் விரலை எங்கே வைத்திருப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ‘நாளெல்லாம் கழுவச் சொல்லவில்லை ஐயா, அந்த இரண்டு வேளை மட்டும்தான்’ என்று அவரிடம் சொல்லுங்கள்.

கழுவ மறுக்கும் பிள்ளை யாராவது இருந்தால், அதட்டுமுன் கையை வாங்கிப் பாருங்கள். என்னிடம் ஒரு சிறுவனைக் கொண்டுவந்தார்கள், ‘குழாயைக் கண்டாலே ஓடுகிறான்’ என்று. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றான். கெஞ்சிக் கேட்டபின் நீட்டினான். விரல் மடிப்புகளெல்லாம் வறண்டு வெடித்து, இரத்தம் காய்ந்திருந்தது. சோப்பு பட்டால் எரியத்தானே செய்யும். தோல் அழற்சி உள்ள அந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு வாசனை இல்லாத மென்மையான சோப்பு, சோப்பு மிச்சமில்லாமல் அலசுவது, துடைத்த கையோடு தடவ ஒரு களிம்பு, இவ்வளவும் வேண்டும். சோப்புத்தூள் கரைசலை அவர்களுக்குத் தர வேண்டாம். நகத்தையும் கையையும் எல்லார் முன்னிலையிலும் நீட்டச் சொல்லிச் சோதிப்பதையும் விட்டுவிடுங்கள். அவமானப்பட்ட பிள்ளை கையை ஒளிக்கக் கற்றுக்கொள்ளுமே தவிர, கழுவக் கற்காது.

நீங்களும் தினமும் அந்த வரிசையில் நின்று கழுவுங்கள். வகுப்பில் யாருக்காவது வாந்தியோ பேதியோ வந்தால், அது முற்றிலும் நின்று 48 மணி நேரம் ஆகும்வரை வீட்டில் இருக்கட்டும் என்று பெற்றோரிடம் சொல்லுங்கள். பிரிட்டனில் பள்ளிகளுக்கான சுகாதார வழிகாட்டுதலும் இதுதான். குணமான பின்னும் கிருமி கொஞ்ச நாள் வெளியேறிக்கொண்டிருக்கும்.

பலன் என்ன என்று நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். பள்ளிகளிலும் குழந்தைகள் காப்பகங்களிலும் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், கை கழுவ ஊக்கப்படுத்தியபோது வயிற்றுப்போக்கு ஏறத்தாழ 30 சதவீதம் குறைந்திருக்கிறது. சளி, இருமல் போன்ற மூச்சு சார்ந்த நோய்கள் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்குப்படி 16 முதல் 21 சதவீதம். காற்றில் பரவுவதைக் கை கழுவி நிறுத்த முடியாது, அதற்கு ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஆகவே அடுத்த மாதமும் நாலு பேர் வராமல் இருந்தால் மனம் தளராதீர்கள். வருகைப் பதிவேட்டில் வராதவர் பெயருக்குப் பக்கத்தில் காரணத்தையும் ஒரு சொல்லில் குறித்துக்கொண்டே வாருங்கள். ஒரு பருவம் கழித்து வயிற்றுப்போக்கை மட்டும் எண்ணிப் பாருங்கள். பிள்ளைகளிடம் ‘கழுவினாயா’ என்று கேட்காதீர்கள், எல்லாரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். கழிப்பறைப் பக்கம் வைத்த பாட்டிலில் தினமும் மாலை ஒரு கோடு போடுங்கள். சோப்புத் தண்ணீர் இறங்குகிறதா என்று பார்த்தாலே போதும்.

சோப்பு ஊற்றும் பொறுப்பு வாரம் ஒருவர் என்று மாறி மாறி எல்லாருக்கும் வரட்டும். முதல் வாரம் பாட்டிலை அந்த ஓவியப் பரிசு வாங்கிய பையன் கையில் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் மருத்துவர்